விழுந்து கும்பிட்டவர்

— எழுந்திருக்கல சோமேஷ். நீ இன்னா சொன்னாலும் சரி, அந்த ஆளு எழுந்திருக்கல. விழுந்ததுல இருந்து நான் பாத்துனே இருக்கேன்.

— கும்பிடறார் ஓவியா. மலையைப் பாத்து விழுந்து கும்பிடறவாளை நீ இன்னிக்குத்தான் பாக்கறியா? பௌர்ணமிக்கு கிரிவலம் வர்றவா பாதிப் பேர் இந்த ரோட்டுல இப்படித்தான் விழறா.

— விழறாங்க, எழுந்து போறாங்க. இவரு விழுந்து நாலு நிமிஷம் ஆச்சு. மூணு மணி வெயிலு, தார் ரோடு, மேல சட்ட கூட இல்ல. தோசக் கல்லுல படுத்த மாதிரி இருக்கும். யாராவது அசையாம கெடப்பாங்களா?

— பக்தி இருந்தா கிடப்பா.

— பக்தி இருந்தா தோலு வேகாதா?

— சித்த இரு. காலையில என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா? வேப்ப மரத்தடியில தூங்கிண்டிருந்த சாமியாரைப் போய்த் தட்டி எழுப்பி, நாடி பாக்கறேன்னு கழுத்துல கையை வெச்சே. அவர் கமண்டலத்தைத் தூக்கிண்டு நம்ம டென்ட் வரைக்கும் திட்டிண்டே வந்தார்.

— வாயத் தொறந்துனு, கண்ணு பாதி மூடிக்கினு கெடந்தாரு. நான் இன்னாத்த கண்டேன்?

— முகாம் நடத்தற சக்கரவர்த்தி சார் என்ன சொன்னார்? இன்னொரு புகார் வந்தா மஞ்சக் கோட்டைக் கழட்டி வாங்கிண்டு, உன்னை உங்க ஊர் கீழ்பென்னாத்தூர் பஸ்ல ஏத்தி விட்டுடுவேன்னார். மூணு நாள் முதலுதவி முகாம்ல ரெண்டே முக்கால் நாள் ஓடியாச்சு. இன்னும் ரெண்டு மணி நேரம் இந்த ஆதி அண்ணாமலை டென்ட் வாசல்ல சமத்தா நின்னா ஆளுக்கொரு சர்டிபிகேட். அப்பறம் நீ யார் நாடியை வேணா பாத்துக்கோ.

— சர்டிபிகேட்ட வெச்சு நாக்கு வழிக்கறதா? வேங்கிக்கால் க்ளாஸ்ல ரெண்டு நாளா ரப்பர் பொம்ம நெஞ்ச அமுக்கி அமுக்கி என் தோள்பட்ட போச்சு. எதுக்குடா அமுக்குனோம்?

— பொம்மை புகார் பண்ணாதுன்னுதான்.

— எனக்கு சிரிப்பு வரல. நீ வரியா, நான் தனியா போவட்டுமா?

— தனியா போகக் கூடாது. ரெண்டு பேராத்தான் போகணும்னு சொல்லியிருக்கா.

— அப்ப வா.

— தொடக் கூடாது. கூட சொந்தக்காரா இருந்தா, அவா கிட்ட கேட்டுட்டுத்தான் தொடணும். முதல் நாள், முதல் பாடம்.

— கேட்டுட்டே தொடறேன். பக்கத்துல ஒரு அம்மா குந்தினு இருக்காங்க பாரு. அவரு சம்சாரமாத்தான் இருக்கும். வா, வெரசா நட.

— நில்லுங்க, நில்லுங்க. அங்கயே நில்லுங்க பசங்களா. கிட்ட வராதீங்க.

— அம்மா, பயப்படாதீங்க. நாங்க அதோ அந்த டென்ட்டுல இருந்து வரோம். ப்ளஸ் ஒன் படிக்கறோம், முதலுதவி முகாமுக்கு வந்திருக்கோம். என் பேரு ஓவியா, இவன் சோமேஷ். இவரு உங்க ஊட்டுக்காரரா?

— ஆமா. அதுக்கு இன்னா இப்போ?

— ரொம்ப நேரமா குப்புற படுத்துனு இருக்காரே. உடம்பு ஏதாவது முடியலியான்னு கேக்க வந்தோம்.

— உடம்புக்கு ஒண்ணும் இல்ல கண்ணு. வேண்டுதல். எட்டு லிங்கத்துக்கும் விழுந்து கும்பிடறேன்னு வேண்டிக்கினு வந்திருக்காரு. விழற எடத்துல எல்லாம் மனசுக்குள்ள நூத்தியெட்டு தடவ சாமி பேரச் சொல்லணும். சொல்லி முடிச்சு அவரேதான் எழுந்திருக்கணும். நடுவுல ஆளுங்க கை படக் கூடாது. பட்டா அத்தினியும் வீணா போயிடும்.

— பாத்தியா? நான் சொன்னேனே. வா போலாம்.

— இர்றா. அம்மா, தலையில எதுக்கு துண்டப் போட்டு மூடி வெச்சிருக்கீங்க?

— வெயிலு சுடுது, அதுக்குத்தான்.

— மூச்சு முட்டாதா?

— முட்டுனா அவரே எடுத்துக்கமாட்டாரா? நீ போ கண்ணு. வேற யாருக்காவது கால்ல முள்ளு கிள்ளு குத்தியிருக்கும், போய்ப் பாரு.

— மாமி, ஒண்ணு கேக்கலாமா? இங்கே எட்டு லிங்கத்துல எதுவும் இல்லையே. வருண லிங்கம் பின்னாடி போயிடுத்து. வாயு லிங்கம் இன்னும் வரலை. இங்கே எதுக்கு விழுந்தார்?

— மலையப் பாத்து எங்க விழுந்தா இன்னா தம்பி? சாமி ஒண்ணுதான.

— அதுவும் சரிதான்.

— இன்னாத்த சரி? டேய், அவரு கையப் பாரு. விழுந்து கும்பிடறவங்க கை ரெண்டும் தலைக்கு மேல சேந்திருக்கும். இவருது ஒண்ணு வவுத்துக்கு அடியில மாட்டினு இருக்குது, ஒண்ணு பக்கவாட்டுல கோணிக்கினு கெடக்குது. அம்மா, அவரு பேரு இன்னா? நான் தொடல. கூப்பிட்டு மட்டும் பாக்கறேன்.

— வேணாம்.

— பேரச் சொல்றதுல இன்னாம்மா போயிடும்?

— பலராமன். கூப்பிடாத. ஜபம் கலைஞ்சிடும்.

— ஐயா! பலராமன் ஐயா! கேக்குதா? கேக்குதுன்னா ஒரு வெரல ஆட்டுங்க. ஒரே ஒரு வெரலு. பலராமன் ஐயா!

— சாமி பேரச் சொல்றவரு உனக்கு பதில் சொல்லினு இருப்பாரா?

— வெரலு கூட ஆடலடா சோமு.

— சித்த இரு. ஏதோ சத்தம் கேக்கறது. கொறட்டை மாதிரி.

— பாத்தியா கண்ணு, மூச்சு விடறாரு. நடந்து வந்த அசதி. தூங்கிட்டாரு போல.

— ஜபம்னீங்க. இப்ப தூக்கம்ங்கறீங்க.

— மனுசன் கண்ணசர மாட்டானா? உனக்கு இன்னா அவ்ளோ கேள்வி?

— சோமு, அது கொறட்ட இல்லடா. நேத்து சார் வீடியோ போட்டாரே, அந்த சத்தம். கரையில போட்ட மீனு வாயத் தொறந்து தொறந்து மூடுமே, அந்த மாதிரி. மூச்சுன்னு நெனச்சு ஏமாந்துடாதீங்கன்னு தலையில அடிச்சுக்கினு சொன்னாரே. எண்ணு. பத்து செகண்டுக்கு எத்தினி வருதுன்னு எண்ணு.

— ஒண்ணு. இன்னும் வரலை. வரலை. முதுகு ஏறவே இல்லை ஓவியா. இதோ, ரெண்டு. பத்து முடிஞ்சுடுத்து. ரெண்டுதான்.

— போன் போடு. நூத்தியெட்டுக்கும் போடு, சாருக்கும் போடு. அம்மா, தள்ளிக்குங்க. இவருக்கு மாரடைச்சிடுச்சு. திருப்பிப் படுக்க வெச்சு நெஞ்ச அமுக்கணும்.

— தொட்டா கைய ஒடைச்சிடுவேன்.

— அம்மா!

— நான் சொல்லினே இருக்கேன், கேக்க மாட்டேங்கற. வேண்டுதல் நடுவுல கலைச்சா எங்க குடும்பத்தையே அடிக்கும். கட்டிக் குடுத்த பொண்ணு ஒருத்தி முழுகாம இருக்கறா. அவ வவுத்துக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா?

— ஹலோ, நூத்தியெட்டா? கிரிவலப் பாதை, ஆதி அண்ணாமலையார் கோயில் தாண்டி, வலது கைப் பக்கம். ஒருத்தர் நினைவில்லாம கிடக்கார், மூச்சு சரியா இல்லை. வயசு ஐம்பதுக்கு மேல இருக்கும். ஆமா, கூட்டம் ஜாஸ்தி. சோமேஷ். முகாம் ஸ்டூடண்ட். சரி. சரி. ஓவியா, வண்டி வாயு லிங்கத்துக்கிட்ட நிக்கறதாம். பத்து நிமிஷம் ஆகும்ங்கறா.

— பத்து நிமிஷமா? பத்து நிமிஷம் கழிச்சு இவரு எங்க இருப்பாரு? அம்மா, உங்க கால்ல விழறேன். ஒவ்வொரு நிமிஷமும் போயினே இருக்குது. சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க.

— சொல்ல மாட்டேன்.

— ஓவியா, அவா சம்மதிக்கலை. சம்மதிக்காம தொட்டா தப்பு.

— நெனப்பு இல்லாதவங்களுக்கு உதவி பண்ணலாம், அவங்க சரின்னு சொன்ன மாதிரிதான்னு சார் சொன்னாரா இல்லியா?

— சொன்னார். ஆனா சொந்தக்காரா பக்கத்துல நின்னு வேண்டாம்னா என்ன பண்றதுன்னு சொல்லலையே. அவர் போனையும் எடுக்க மாட்டேங்கறார்.

— ஐயா, நடந்து போறவங்களே, கொஞ்சம் நின்னு கேளுங்க! மலைய சுத்த வந்த மனுசன் வேண்டுதலுக்கு விழுந்து கெடக்கறாரு. இந்தப் பசங்க வந்து கலைக்கப் பாக்கறாங்க. நியாயமா இது? யாராவது ஒரு பெரிய மனுசரு வந்து கேளுங்க!

— ஐயோ, கூட்டம் கூட்டறாங்களே. சோமு, அந்த காவித் துண்டுக்காரரு வர வேகத்தப் பாரு. அடிச்சிடுவாரு போல.

— சார், சார், நீங்க நினைக்கற மாதிரி இல்லை. நாங்க விளையாடலை. நாங்க டென்ட்டுல இருந்து—

— நீ இப்படி மென்னு முழுங்குனா ஆவாது. அம்மா, இவன் யாருன்னு தெரியுமா? பெரிய கோயில் நமசிவாய குருக்கள் புள்ள. பரம்பர பரம்பரையா அண்ணாமலையாருக்கு பூச பண்ற குடும்பம். வேண்டுதலக் கலைக்கலாமா கூடாதான்னு இவனையே கேளுங்க.

— ஏன் ஓவியா அதைச் சொன்னே?

— வேற இன்னா சொல்லச் சொல்ற?

— குருக்கள் ஊட்டுப் புள்ளயா? நல்லதாப் போச்சு. சாமி, நீயே சொல்லு. நாலு பேரு நிக்கறாங்க, அவங்க எதுருலயே சொல்லு. சாமி காரியத்துல கெடக்கறவர நடுவுல தொடலாமா?

— அது வந்து... நான் அப்பா கிட்ட கேக்காம...

— கேட்டுச் சொல்லு சாமி. ஒண்ணும் அவசரம் இல்ல. நாங்க காத்துனு இருக்கோம்.

— அவரு காத்துனு இருக்க மாட்டாருடா! டேய், என்னப் பாரு. கொறட்ட நின்னுபோச்சு. கேக்குதா? ஒண்ணுமே கேக்கல.

— மாமி. எல்லாரும் கேளுங்கோ. சார், காவித் துண்டு சார், நீங்களும் கேளுங்கோ. மலைக்கு முன்னாடி விழுந்தவரைத் தொட்டா, அந்தத் தோஷம் விழுந்தவருக்கு இல்லை. அவர் குடும்பத்துக்கும் இல்லை. வயித்துல இருக்கற குழந்தைக்கும் இல்லை. தொட்டவாளுக்குத்தான். அவர் வேண்டிண்டது அவர் விழுந்த உடனேயே பலிச்சாச்சு. மிச்சத்தை நான் ஏத்துக்கறேன். அண்ணாமலையார் மேல ஆணையா, எல்லாப் பாவமும் என் தலையில.

— உனக்கு எதுக்கு சாமி இந்தப் பாவம்? நீ சின்னப் புள்ள. உங்கப்பாவே வந்து சொல்லட்டும்.

— அப்பா அபிஷேகத்துல இருக்கார். ராத்திரி ஆயிடும்.

— ராத்திரி வரிக்கும் உக்காந்திருக்கேன். எனக்கு இன்னா வேல.

— அம்மா, உங்களுக்குப் புரியுதா இல்லியா? செத்துனு இருக்காரு!

— நீ வயசுப் பொண்ணு. அந்நிய ஆம்பள மார்ல கைய வெப்பியா? அவருக்குத் தெரிஞ்சா இன்னா கோவம் வரும் தெரியுமா?

— வரட்டும். எழுந்து என்னத் திட்டட்டும். சோமு, இனிமே கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. நீ தோளப் புடி, நான் இடுப்பப் புடிக்கறேன்.

— சார் கேட்டா?

— கோட்டக் கழட்டிக் குடுத்துடறேன். புடி. ஒண்ணு, ரெண்டு, மூணு, திருப்பு. அம்மா, என் கைய உடுங்க. உடுங்கம்மா! காவித் துண்டு அண்ணா, இவங்கள கொஞ்சம் அப்பால கூட்டினு போங்க. குருக்கள் புள்ளயே சொல்லிட்டான் இல்ல, அப்பறம் இன்னா?

— முகம் நீலம் பாரிச்சிருக்கு ஓவியா. நெத்தியெல்லாம் வெந்து போயிருக்கு.

— நாடி பாக்கறேன். இல்ல.

— நன்னாப் பாரு. காலையில மாதிரி—

— இல்லடா! கழுத்துல ஒண்ணுமே இல்ல. அமுக்கறேன். நீ சத்தமா எண்ணு.

— ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. இன்னும் ஆழமா. ரெண்டு இஞ்ச் இறங்கணும். ஒன்பது, பத்து. முழங்கையை மடக்காதே. பதினாலு, பதினஞ்சு.

— சத்தம் கேட்டுச்சு. டக்குனு. எலும்பு ஒடைஞ்சிடுச்சுடா.

— உடையும்னு சொன்னாரே. நிறுத்தாதே. இருபது, இருபத்தொண்ணு.

— பொம்ம ஒடையலியே. பொம்மக்குள்ள இந்த சத்தம் வரலியே சோமு.

— அழாதே. அமுக்கு. இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. மறுபடி ஒண்ணு.

— விட்டுடு கண்ணு. அந்த மனுசன விட்டுடு. மலையப் பாத்துக்கினே போறாரு. இந்த மண்ணுல, இந்த நாள்ல போறதுக்கு எத்தினி பேருக்குக் குடுத்து வெச்சிருக்குது? நெஞ்ச ஒடைச்சு ஏன் இழுத்துப் புடிக்கற? நிம்மதியா போவட்டும்.

— அவா சொல்றதும்... எங்காத்துலயும் அப்படித்தான் சொல்லுவா, ஓவியா. இங்கே போனா முக்தின்னு.

— முக்திய அப்பறமா வந்து வாங்கிக்கட்டும். எண்ணுடா!

— பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு.

— என் கை போச்சு. ரெண்டு நிமிஷம் ஆச்சா? நீ வா.

— நானா?

— நீதான். பொம்மைய நீதான் நல்லா அமுக்குன. பாவத்த ஏத்துக்கறேன்னு ஊருக்கே சொன்ன இல்ல, அதையும் ஏத்துக்கோ. நான் மூணு சொன்ன ஒடனே மாறணும். ஒண்ணு, ரெண்டு, மூணு.

— சிவ சிவா. சிவ சிவா. சிவ சிவா.

— எண்ணு, சாமி கும்பிடாத.

— ரெண்டும் ஒரே தாளம்தான். நீ பேசாம இரு. சிவ சிவா. சிவ சிவா.

— சைரன் கேக்குதுடா! கூட்டத்துல மாட்டினு இருக்குது. அண்ணா, காவித் துண்டு அண்ணா, ஓடிப் போய் வழி உடச் சொல்லுங்க. கத்துங்க. ஒரு பக்கமா ஒதுங்கச் சொல்லுங்க. ஓடறாருடா. நம்மள அடிக்க வந்தவரு நமக்காக ஓடறாரு.

— இன்னும் எவ்வளவு நேரம்? என்னால முடியலை.

— நான் வரேன். மாறு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

— தள்ளுங்க, எல்லாரும் தள்ளுங்க. நான் ஆம்புலன்ஸ் தருமன். நீ நிறுத்தாதம்மா, நான் சொல்ற வரைக்கும் அமுக்கு. எப்ப விழுந்தாரு?

— விழுந்து பன்னெண்டு பதிமூணு நிமிஷம் இருக்கும் சார். அமுக்க ஆரம்பிச்சு ஆறு நிமிஷம்.

— நடுவுல இன்னா பண்ணினு இருந்தீங்க?

— பேசினு இருந்தோம் சார்.

— சரி. இதோ நெஞ்சுல பேட் ஒட்டிட்டேன். இப்ப கைய எடு. யாரும் தொடாதீங்க, ஷாக் குடுக்கறேன். தள்ளு. குடுத்தாச்சு. மறுபடி அமுக்கு. அமுக்கு. நல்லா அமுக்கறம்மா, யாரு சொல்லிக் குடுத்தாங்க? அமுக்கு. போதும், எடு. இரு. இரு.

— சார்?

— நாடி வந்துடுச்சு. தூக்குங்க, ஸ்ட்ரெச்சரத் தூக்குங்க. இவரு சம்சாரம் யாரு? நீங்களா? வண்டியில ஏறுங்கம்மா.

— நான் பின்னால வரேன்.

— பின்னாலன்னா? கூட ஒருத்தர் வேணும்மா.

— பையி, செருப்பு எல்லாம் அந்தக் கோயில் வாசல்ல கெடக்குது. எடுத்துனு வரேன்.

— செருப்பா முக்கியம் இப்போ? ஏறுங்க.

— வரேன்னு சொல்றேன் இல்ல. நீங்க போங்க.

— பயந்து போயிருக்காங்க சார். நாங்க ஆட்டோ வெச்சுக் கூட்டினு வந்துடறோம். நீங்க கெளம்புங்க.

— போயாச்சு. ஓவியா, வண்டி போயாச்சு.

— நாடி வந்துடுச்சுடா சோமு.

— நான் சொன்னேனே அந்த தோஷம், பாவம் எல்லாம், அதுல ஒரு வரி கூட எந்த நூல்லயும் கிடையாது.

— தெரியும். நீ முழிச்ச முழியிலயே தெரிஞ்சுது.

— அப்பா காதுக்குப் போனா முதுகுத் தோல் உரிஞ்சுடும்.

— உரியட்டும். ஒரு மனுசன் பொழைச்சிருக்காரு. அம்மா, இப்படி நெழலுக்கு வாங்க. குந்துங்க. சோமு, அவங்களுக்குத் தண்ணி குடு. பொழைச்சிட்டாரும்மா. இனிமே ஒண்ணும் இல்ல.

— பொழைச்சிடுவாரா, நிஜமாவா?

— நாடி வந்துடுச்சே. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க. அடப்ப எடுத்துட்டாங்கன்னா பத்து பாஞ்சு நாள்ல ஊட்டுக்கு வந்துடுவாரு.

— எழுந்து நடப்பாரா?

— நடப்பாரு.

— கையி? வலது கையி பழையபடி வேல செய்யுமா?

— அதெல்லாம் செய்யும்மா. இது பக்கவாதம் இல்லியே.

— நெனப்பு இல்லாதப்போ காது கேக்குமா கண்ணு? நாம பேசுனது அவரு காதுல உழுந்திருக்குமா?

— கேட்டாலும் கேக்கும்னு சார் சொல்லுவாரும்மா. அதனாலதான் பக்கத்துல நின்னு நல்லதாவே பேசணும்பாங்க. நீங்க பயத்துல விட்டுடு விட்டுடுன்னு அழுதது கேட்டிருந்தா கூட அவரு தப்பா எடுத்துக்க மாட்டாரு.

— நான் அழல கண்ணு.

— சரி. தண்ணியக் குடிங்க. எதுக்கு எடது கையில வாங்கறீங்க? அந்தக் கைக்கு இன்னா?

— ஒண்ணும் இல்ல, உடு.

— காட்டுங்க. முந்தானைய எடுங்கம்மா, பாக்கறேன். ஐயோ, மணிக்கட்டு இவ்ளோ வீங்கியிருக்குது. நான் இஸ்துக்கினு உங்க கைய ஒதறுனேனே, அதுல ஆச்சா?

— இல்ல. நீ ஒண்ணும் பண்ணல.

— சோமு, முக்கோணத் துணிய எடு. தூளி மாதிரி கட்டிடலாம். ஆனா இது இன்னிக்கி பட்ட அடி இல்ல. மஞ்சளா ஆயிடுச்சே. எங்கயாவது விழுந்தீங்களா?

— விழல.

— ஏதாவது மேல விழுந்துச்சா?

— அம்மிக் கொழவி. தானா விழல.

— சோமு, நீ கொஞ்சம் அப்பால போ.

— இருக்கட்டும் கண்ணு. இந்த சின்ன சாமி என் பாவத்தையெல்லாம் தன் தலையில போட்டுக்கினு நின்னுச்சு. அதுக்கும் தெரியட்டும்.

— என்ன தெரியணும் மாமி?

— வேண்டுதல்னு ஒண்ணும் இல்ல சாமி. அந்தாளு பௌர்ணமி தவறாம வருவான். விபூதிப் பட்ட போட்டுக்குவான், பத்து எடத்துல விழுந்து கும்பிடுவான். ஊருல கேட்டா தங்கம்னுவாங்க. இன்னிக்கி விழுந்தான், எழுந்திருக்கல. கையி இஸ்துச்சு, வாயில நொர வந்துச்சு. எனக்கு அப்பவே தெரிஞ்சிடுச்சு.

— அம்மா, தெரிஞ்சுமா?

— துண்ட எடுத்து மூஞ்சிய மூடிட்டு பக்கத்துலயே குந்திக்கினேன். வந்தவங்கள எல்லாம் வேண்டுதல், வேண்டுதல்னு சொல்லி அனுப்பினேன். எல்லாரும் கன்னத்துல போட்டுக்கினு போனாங்க. இருவத்தி மூணு வருஷத்துல இன்னிக்கித்தான் அந்தக் கையி சும்மா கெடந்து பாத்தேன்.

— நீங்க இப்ப அவருகிட்டயா போவப் போறீங்க?

— வேற எங்க போவறது? எல்லாத்தையும் காதுல வாங்கிக்கினு படுத்திருப்பான். நீ இன்னும் ரெண்டே ரெண்டு நிமிஷம் என் பேச்ச நம்பியிருக்கக் கூடாதா, கண்ணு?